பிழையின் இருப்பிடம் கண்ட பேரறிஞர் ரிச்சர்டு ஹாமிங்

கணக்கு நோட்டில் ஆசிரியை சிவப்பு மையால் தவறு என்று குறியிட்டுத் தரும்போது நமக்குப் பாதி உதவிதான் கிடைக்கிறது. எந்த வரியில் தவறு நேர்ந்தது என்று தெரிந்தால்தான் மீதி உதவியும் கிடைத்ததாகும். இல்லையேல் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

கணினியும் நம்மைப் போன்றதே. மின்சாரம் திடீரென்று நின்று போனாலோ, வட்டு பழுதடைந்தாலோ, அதனுள் எழுதி வைத்த கோப்புகளில் சில சிதைந்துவிடுகின்றன. கணினியை இயக்கும் கோப்பே சிதைந்தால் வீட்டுக் கணினி பாதியில் நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? கெட்ட இடத்தை மட்டும் கண்டு திருத்துவதா? இக்கேள்வியை ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பி, அதற்கு விடையும் கண்ட ஒரு கணித மேதையின் வரலாற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அவர்தாம் ரிச்சர்டு வெஸ்லி ஹாமிங்.

இளமையும் கல்வியும்

ஹாமிங் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் பிறந்தார். பொறியாளர் ஆக வேண்டும் என்பது அவரது இளமைக் கனவு. ஆனால் அவர் கல்லூரியில் காலெடுத்து வைத்த காலம் பெரும் பொருளாதார மந்தக் காலம். கையில் பணம் இல்லை. உதவித்தொகை கொடுக்க முன்வந்தது சிக்காகோ பல்கலைக்கழகம் ஒன்றே. அங்கோ பொறியியல் துறை கிடையாது! ஹாமிங் மனம் தளரவில்லை. கிடைத்த வழியில் நடந்து கணிதம் பயின்று, 1937-இல் பட்டம் பெற்றார். பின்னர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1939-இல் முதுகலைப் பட்டமும், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1942-இல் முனைவர் பட்டமும் பெற்றார். பொறியாளர் ஆகியிருந்தால் தாம் சாக்கடைக் குழிகளில் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கக் கூடும் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மூடிய கதவு ஒன்று அவரை வேறு வாயிலுக்கு அழைத்துச் சென்றது.

முனைவர் பட்டம் பெற்ற அதே ஆண்டில் வாண்டா லிட்டில் என்னும் மங்கையை அவர் மணந்தார். இவ்வரலாற்றில் வாண்டா அம்மையாருக்கும் ஓர் இடம் உண்டு.

திருத்த முடியாத பிழை

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஹாமிங், நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் அலமாஸ் என்னும் மலையூருக்கு அழைக்கப்பட்டார். அணுகுண்டைச் செய்துகொண்டிருந்த இரகசிய ஆய்வுக்கூடம் அது. அங்கே அறிவியலாளர் தரும் சமன்பாடுகளைக் கணக்குப் பொறிகளில் இட்டு விடை காண்பது ஹாமிங்கின் பணி. வாண்டா அம்மையாரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். கணக்கிடும் பணியில் அமர்ந்து, ஹான்ஸ் பெத்தே, எட்வர்டு டெல்லர் போன்ற பேரறிஞர்களுக்காக எண்களைக் கூட்டியும் பெருக்கியும் கொடுத்தார். அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல் பொறியைக் குறிக்கவில்லை. கணக்கிடும் மனிதரையே குறித்தது. அவர்களுள் பலர் பெண்கள் என்பது நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

முதல் அணுகுண்டுச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒருவர் ஒரு கணக்கைக் கொண்டு வந்து ஹாமிங்கிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். இது எதைப் பற்றிய கணக்கு என்று கேட்டார் ஹாமிங். குண்டு வெடிக்கும்போது உலகின் காற்று மண்டலம் முழுவதும் தீப்பற்றிக்கொள்ளுமா என்பதற்கான கணக்கு அது! கூட்டலும் பெருக்கலும் சரியாகவே இருந்தன. ஆனால் அதில் இட்ட மதிப்புகள் மெய்தானா என்று உறுதி கூற அவரால் முடியவில்லை. அத்தகைய வெப்பத்தில் அதுவரை எவரும் சோதனை செய்ததில்லை அல்லவா?

1945 ஜூலை 16-ஆம் நாள் சோதனை நடந்தது. காற்று தீப்பற்றவில்லை. ஆனால் மூன்றே வாரங்களில் ஹிரோஷிமா நகரமும், மேலும் மூன்று நாளில் நாகசாகி நகரமும் அக்குண்டுகளால் அழிந்தன. காற்று மண்டலக் கணக்கைப் பற்றிய நிகழ்ச்சியை ஹாமிங் தம் முதுமையிலும் மறக்கவில்லை, எழுதியும் வைத்தார். அது நமக்கு உணர்த்துவது என்ன? சில பிழைகளுக்குத் திருத்தம் இல்லை. கணக்குச் சரியாக இருந்தாலும் அடிப்படை சரிதானா என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டிய நேரமோ, செயலுக்கு முன்பே!

வீணாய்ப் போன சனி ஞாயிறு

1946-இல் ஹாமிங், புகழ்பெற்ற பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாடு ஷானனோடு சிறிது காலம் ஒரே அறையில் அமர்ந்து பணிபுரியும் பேறும் பெற்றார்.

அக்காலத்தில் பெல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய கணினிக்கு ஐந்தாம் மாதிரி என்று பெயர். அதில் இன்றைய சில்லுகள் இல்லை. சுமார் 9,000 ரிலேக்கள் இருந்தன. ரிலே என்பது மின்சாரம் பாய்ந்தால் இழுபட்டு மூடி, நின்றால் திறந்துகொள்ளும் சிறு விசை. செய்ய வேண்டிய கணக்கைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்தி உள்ளே செலுத்துவார்கள். ஒரு ரிலேயில் தூசி சிக்கினாலும், ஒரு துளை சரியாக விழாவிட்டாலும் பிழைதான்.

அப்பொறி தன் பிழையைத் தானே உணரும் ஆற்றல் உடையது. வேலை நாட்களில் பிழை நேர்ந்தால் நின்று, விளக்கை எரியவிட்டு ஆட்களை அழைக்கும். அவர்கள் வந்து சரிசெய்வார்கள். ஆனால் சனி, ஞாயிறுகளில் அங்கே ஆள் இல்லை. அப்போது பொறி என்ன செய்யும்? பிழை கண்ட கணக்கை அப்படியே கைவிட்டு, வரிசையில் உள்ள அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

ஹாமிங் புதியவர், ஆதலால் பொறியை அவர் பயன்படுத்தக் கிடைத்த நேரம் பெரும்பாலும் அந்தச் சனி ஞாயிறுதான். வெள்ளிக்கிழமை கணக்கைக் கொடுத்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை ஆவலோடு வந்து பார்ப்பார். விடை இல்லை! கணக்கு கைவிடப்பட்டிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அவருக்குக் கடும் சினம் எழுந்தது.

சினம் எல்லோருக்கும் வரும். பொறியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவோர் பலர். ஹாமிங்கோ அச்சினத்தை ஒரு கேள்வியாக மாற்றினார். தவறு நேர்ந்திருக்கிறது என்று அறிய வல்ல பொறிக்கு, அத்தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்பதையும் அறியச் செய்தால் என்ன? இடம் தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது. ஏனெனில் கணினியின் மொழியில் இருப்பவை 0, 1 என்னும் இரண்டே எழுத்துகள். கெட்ட இடத்தில் 0 இருந்தால் அது 1 ஆக இருந்திருக்க வேண்டும். 1 இருந்தால் 0 ஆக இருந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

பல்லாங்குழியில் ஒரு பாடம்

ஹாமிங் கண்ட முறையைத் தோழியர் வீட்டுப் பல்லாங்குழிப் பலகையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பக்கத்தில் உள்ள ஏழு குழிகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுப்போம். புளியங்கொட்டை ஒன்று இருந்தால் 1 என்றும், குழி வெறுமையாக இருந்தால் 0 என்றும் கொள்வோம். 3, 5, 6, 7 ஆகிய நான்கு குழிகளில் நாம் சொல்ல வந்த செய்தி இருக்கும். 1, 2, 4 ஆகிய மூன்றும் காவல் குழிகள்.

முதல் காவல் குழி 1, 3, 5, 7 ஆகியவற்றைக் கவனிக்கும். இரண்டாம் குழி 2, 3, 6, 7 ஆகியவற்றைக் கவனிக்கும். நான்காம் குழி 4, 5, 6, 7 ஆகியவற்றைக் கவனிக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் உள்ள கொட்டைகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதே விதி. ஒற்றைப்படையாக இருந்தால் காவல் குழியில் ஒரு கொட்டை இட்டு இரட்டைப்படை ஆக்க வேண்டும்.

நம் செய்தி 1, 0, 1, 1 என்று வைத்துக்கொள்வோம். 3, 6, 7 ஆகிய குழிகளில் கொட்டை உண்டு, 5-இல் இல்லை. முதல் கூட்டத்தில் இரண்டு கொட்டைகள் இருப்பதால் காவல் குழியில் ஒன்றும் இட வேண்டாம். இரண்டாம் கூட்டத்தில் மூன்று இருப்பதால் 2-ஆம் குழியில் ஒரு கொட்டை இடுகிறோம். கடைசிக் கூட்டத்தில் இரண்டு இருப்பதால் அங்கும் வேண்டாம். இப்போது 2, 3, 6, 7 ஆகிய குழிகளில் கொட்டைகள் உள்ளன.

நாம் கண்ணை மூடிக்கொள்ளத் தங்கை வந்து 6-ஆம் குழிக் கொட்டையை எடுத்துவிடுகிறாள். கண்ணைத் திறந்து எண்ணுகிறோம். 1-ஆம் குழியின் கூட்டத்தில் இரண்டு கொட்டைகள், குறையில்லை. 2-ஆம் குழியின் கூட்டத்தில் மூன்று, குறை உண்டு. 4-ஆம் குழியின் கூட்டத்தில் ஒன்று, குறை உண்டு. குறை சொன்ன காவல் குழிகளின் எண்கள் 2, 4. இரண்டையும் கூட்டினால் 6! களவு போன இடம் தானே வெளிப்பட்டுவிட்டது. காவல் குழியிலேயே கொட்டை மறைந்தாலும் இம்முறை கண்டுபிடித்துவிடும். எந்தக் குழியில் வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள், வியப்பு அடங்காது!

ஆனால் ஓர் எல்லையும் உண்டு. தங்கை ஒரே நேரத்தில் இரண்டு குழிகளில் கை வைத்துவிட்டால் விடை பொய்த்துவிடும். மொத்தக் கொட்டைகளையும் கவனிக்க இன்னுமொரு காவல் குழி சேர்த்தால், இரண்டு பிழை நேர்ந்ததைத் திருத்த இயலாவிடினும் அறிந்து எச்சரிக்க இயலும். இதனையும் ஹாமிங்கே வகுத்துக் கூறினார்.

ஹாமிங் தூரம்

இம்முறை எவ்வாறு பலிக்கிறது? கடல் என்று எழுத வந்தவர் ஓரெழுத்து தவறிக் கடன் என்று எழுதிவிட்டால் படிப்பவருக்குப் பிழையென்றே தெரியாது. இரண்டும் பொருளுள்ள சொற்கள், ஓரெழுத்தே வேறுபாடு. ஆனால் திருநெல்வேலி என்பதைத் திருநெல்வேரி என்று எழுதினால் எவரும் உடனே திருத்திப் படித்துவிடுவர். அருகில் குழப்பக்கூடிய வேறு ஊர்ப்பெயர் இல்லை. சொற்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்றால் பிழையைத் திருத்தலாம். இரண்டு சொற்கள் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்னும் எண்ணிக்கையே இன்று உலகெங்கும் ஹாமிங் தூரம் எனப்படுகிறது.

இக்கண்டுபிடிப்புக்கு ஆய்வுக்கூடம் காப்புரிமை பெற விரும்பியதால், கட்டுரை வெளிவரத் தாமதமாயிற்று. அதற்குள் மார்செல் கோலே என்னும் மற்றோர் அறிஞர் 1949-இலேயே இத்துறையில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டுவிட்டார். ஹாமிங்கின் கட்டுரை 1950-ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தின் இதழில் வெளிவந்து, ஒரு புதிய துறைக்கே அடிக்கல் ஆயிற்று. கணினி அறிவியலின் மிக உயர்ந்த பரிசாகிய டூரிங் விருது 1968-இல் அவரைத் தேடி வந்தது.

வீட்டுக் கணினியில் அவர் வழி

ஹாமிங் கண்ட அடிப்படை உண்மை ஒன்றுதான். கெட்டதைத் திருத்த வேண்டுமானால், கெடுவதற்கு முன்பே சிறிது கூடுதலாகச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வது இதைத்தான். இன்று பெரிய நிறுவனங்களின் கணினி நினைவகங்களில் 64 செய்தி இடங்களுக்கு 8 காவல் இடங்கள் வைக்கும் முறை ஹாமிங் வழி வந்ததே. குறுந்தகடுகளிலும், கடைகளில் பணம் செலுத்த நாம் படம்பிடிக்கும் கட்டக் குறிகளிலும், ரீடு, சாலமன் என்னும் இருவர் 1960-இல் வகுத்த முறை கீறலையும் அழுக்கையும் வெல்கிறது.

வீட்டுக் கணினியின் விண்டோஸ் இயக்கக் கோப்புகள் சிதைந்தால் செய்யும் பழுதுபார்ப்பும் இவ்வுண்மையையே பின்பற்றுகிறது. இங்கே ஹாமிங்கின் குழிகள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முக்கியக் கோப்புக்கும் கைரேகை போன்ற ஓர் எண் முன்னரே குறிக்கப்பட்டிருக்கிறது. நல்ல நகலும் ஒரு கிடங்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது. சிஸ்டம் ஃபைல் செக்கர் என்னும் கருவி கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கைரேகை பொருந்தாத கோப்பை மட்டும் நீக்கி, நல்ல நகலை அவ்விடத்தில் வைக்கிறது. மற்றவற்றைத் தொடுவதில்லை.

கிடங்கில் உள்ள நகலே கெட்டிருந்தால்? அப்போது டிஸ்ம் என்னும் மற்றொரு கருவியால் முதலில் கிடங்கைச் சீர்செய்துவிட்டு, பிறகு கோப்புகளைச் சோதிக்க வேண்டும். அளவுகோல் வளைந்திருந்தால் கோடு நேராக வருமா? திருத்திய கோப்பு மீண்டும் மீண்டும் கெட்டால் குற்றம் கோப்பில் இல்லை. வட்டிலோ நினைவகத்திலோ இருக்கலாம். அவற்றைச் சோதிப்பதே முறை.

ஒன்று மட்டும் மறவாதிருப்போம். இயக்கக் கோப்புகளுக்கு நல்ல நகலை அவற்றைச் செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டியின் பழைய நிழற்படத்துக்கும், அண்ணன் இரவு பகலாக எழுதிய திட்ட அறிக்கைக்கும் நகல் வைத்திருப்பவர் யார்? நாம் வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆதலால் பழுதுபார்க்கத் தொடங்குமுன் அவற்றை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பதே முதல் வேலை. பழுது வருவதற்கு முன்பே அதைச் செய்திருப்பவர் புத்திசாலி.

ஆசிரியராய் முடிந்த வாழ்வு

பெல் ஆய்வுக்கூடத்தில் ஹாமிங் பிற துறையினரோடு அமர்ந்து மதிய உணவு உண்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். உங்கள் துறையில் மிக முக்கியமான கேள்வி எது என்று அவர்களிடம் வினவுவார். பிறகு, நீங்கள் ஏன் அதில் உழைக்கவில்லை என்றும் வினவுவார். இதனால் சிலர் அவரோடு உண்பதையே தவிர்த்தனராம்! ஆனால் அக்கேள்வியை அவர் தம்மையும் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களைப் பெரிய கேள்விகளைச் சிந்திப்பதற்கென்றே ஒதுக்கி வைத்தார்.

1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தை விட்டு, கலிபோர்னியா மாநிலம் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அறுபது வயதுக்கு மேல் ஓய்வை நாடாமல் வகுப்பறையை நாடினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தார். 1997 டிசம்பரில் கடைசி வகுப்பை முடித்தவர், 1998-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள் தம் 82-ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். அவர் பெயரால் அளிக்கப்படும் ஹாமிங் பதக்கம் 1988 முதல் சிறந்த அறிஞர்களைச் சென்றடைகிறது.

தோழியரே, ஹாமிங்கின் வாழ்வில் நாம் இரண்டு வகைப் பிழைகளைக் கண்டோம். லாஸ் அலமாஸில் சரிபார்த்த கணக்கு பொய்த்திருந்தால் திருத்துவதற்கு யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். சனி ஞாயிறில் பொறி செய்த பிழையோ, இடம் தெரிந்ததும் ஒரே நொடியில் திருந்தியது. முதல் வகைப் பிழைக்கு அஞ்சி நடப்போம். இரண்டாம் வகைப் பிழை நம் பாடத்திலோ, கணினியிலோ, நட்பிலோ நேர்ந்தால் எல்லாம் கெட்டது என்று முழுவதையும் அழித்துவிடாமல், கெட்ட இடம் எது என்று பொறுமையோடு தேடுவோம். நல்லவற்றை இன்றே சிறிது கூடுதலாகச் சேர்த்தும் வைப்போம்!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு